உள்ளுக்கு ஒரே சாமானா?

கல்முனையில் கைக்கடக்கமான ரெக்கோடர் கேட்டுக் கடை ஏறுகிறவருக்கு இரண்டு வகைதான் கிடைக்கும். ஒன்று கம்பனிச் சாமான். ஸூம் எச்1என், டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் போன்றவை இந்த வகை. இவற்றை எல்லாக் கடையிலும் வைத்திருக்கமாட்டார்கள். கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருவார்கள், இல்லாவிட்டால் கட்டாரிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சானிடம் சொல்லிவிட வேண்டும். மற்றது விரல் நீளத்தில், கறுப்பு உலோக உடலோடு, சின்னத் திரையோடு ஷோகேசுக்குள்ளேயே கிடக்கும். அதற்கு இந்த மாதம் ஒரு பெயர், அடுத்த மாதம் இன்னொரு பெயர். பெட்டியின் நிறமும் எழுத்தும் மாறும், பொத்தான் இருக்கும் இடம் மட்டும் மாறாது. விலை முன்னையதில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் நிற்கும். "பேர் எதுவா இருந்தா என்ன தம்பி, உள்ளுக்கு ஒரே சாமான்தானே" என்பார் கடைக்காரர்.

அவர் சொல்வது முழுப் பொய் என்று தள்ள முடியாது. மைக்கிலும் ஹெட்போனிலும் அது பெரும்பாலும் உண்மை. ரெக்கோடரில் உண்மை இல்லை. ஒரே தெருவில் ஒரே ஷோகேசில் கிடக்கும் சாமான்களில் ஒன்றுக்குப் பொருந்துகிற வாதம் அடுத்ததற்கு ஏன் பொருந்தாமல் போகிறது என்று பார்க்கத்தான் இரண்டையும் இங்கே பக்கத்தில் வைக்கிறேன்.

முதலில் கடைக்காரர் பக்க நியாயம். பெயர் மாற்றி ஒட்டுவது சீனாக்காரன் கண்டுபிடித்த தந்திரம் என்று நினைப்பவர்கள், சவூதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த 'நேஷனல் பனசொனிக்' செட்டுகளை நினைத்துப் பார்க்கலாம். மட்சுஷிட்டா என்ற ஒரே ஜப்பான் கம்பனி 1927 முதல் 'நேஷனல்' என்ற பெயரிலும் 1955 முதல் 'பனசொனிக்' என்ற பெயரிலும் வியாபாரம் செய்தது. அமெரிக்காவில் 'நேஷனல்' என்ற பெயரை வேறொருவர் ஏற்கெனவே பதிந்து வைத்திருந்ததால் அங்கே பனசொனிக் என்றே போனார்கள். ஆசியப் பக்கம் இரண்டையும் சேர்த்து ஒட்டினார்கள். 2008இல்தான் கம்பனியே தன் பெயரைப் பனசொனிக் என்று மாற்றிக்கொண்டது. வாப்பா அனுப்பிய செட்டில் இருந்த எழுத்தைவிட, அதில் கசட்டைப் போட்டு அவர் குரலைக் கேட்டதுதான் வீட்டுக்குப் பெரிது. அந்த செட் அவ்வளவு உழைத்ததற்குக் காரணம், எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் பின்னால் ஒரே கம்பனி நின்றதுதான்.

இன்றைக்கு வருவோம். விளையாட்டுக்காரப் பிள்ளைகள் தேடி வாங்கும் ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஹெட்போன் 2014இல் வந்தது. அதற்கு முன்னமே அது சுவீடன் நாட்டு க்யூபேட் கம்பனியின் க்யூஎச்-90 ஆக இருந்தது. அதற்கும் முன்னம், சீனாவின் ஹுய்ஷோ நகரத்து டக்ஸ்டார் கம்பனியின் புரோ 80. ஒரே வார்ப்பில் மூன்று பெயர். டக்ஸ்டார் பெயரில் வாங்கியவர் குறைந்த காசுக்கு ஏறத்தாழ அதே சத்தத்தைக் கேட்டார். யூடியூப் தொடங்கும் எல்லா இளைஞர் மேசையிலும் நிற்கிற பிஎம்-800 மைக்கும் இப்படித்தான். நீவர் என்ற பெயரில் அது என்டபிள்யூ-800, வேறு பெட்டிகளில் வேறு என்னென்னவோ. உடைத்துப் பார்த்தால் அதே உருளை, அதே பலகை, அதே சிறு மைக்குளிகை. இதில் ஏமாற்று என்று சொல்ல அதிகம் இல்லை. மைக் ஒரு சத்தத்தை வாங்கி வயரில் அனுப்புகிறது, அவ்வளவுதான். கேட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தரம் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது மதரசாவுக்குக் கொடுத்துவிடலாம்.

மரியாதையான கம்பனிகளும் இந்த வேலையைச் செய்தவைதான். யமஹா 2008இல் 'பாக்கெட்ராக்' என்று கைக்கடக்க ரெக்கோடர் ஒன்றை இறக்கியபோது அதைச் சான்யோவோடு சேர்ந்துதான் செய்தது. இசைக்கருவிக்குப் பேர்போன யமஹாவின் எழுத்து முன்னால், குரல்பதிவு ரெக்கோடர் செய்து பழகிய சான்யோவின் கை பின்னால். ஒலிம்பஸ் ரெக்கோடர் தேடுகிறவர் இப்போது 'ஓஎம் சிஸ்டம்' என்ற பெயரைத்தான் தேட வேண்டும். கமரா, ரெக்கோடர் பிரிவு 2021 தொடக்கத்தில் தனிக் கம்பனியாகக் கைமாறியது. இன்னொரு வகையும் உண்டு, அதுதான் எனக்கு அதிகம் எரிச்சல். செத்த கம்பனியின் பெயரை வாங்கி வைத்திருந்து எதிலாவது ஒட்டுவது. அக்காய், சன்சுயி, நக்கமிச்சி மூன்றும் ஒரு காலத்தில் டேப் டெக் உலகத்தின் தலைகள். மூன்று பெயரும் ஹொங்கொங்கின் கிராண்டே ஹோல்டிங்ஸ் கைக்குப் போயின. இன்றைக்கு 'நக்கமிச்சி' என்று காரில் பாடும் சாமானுக்கும் அந்தப் பழைய டெக்குக்கும் எழுத்து மட்டும்தான் உறவு. நம்பி வாங்குகிறவர் ஐம்பது வயதுக்காரராகத்தான் இருப்பார். அந்த எழுத்து அவருக்குத்தானே ஞாபகம்.

ஆகவே பெயர் மாறுவதை வைத்து எந்தச் சாமானையும் ஒதுக்க முடியாது. 'சீனாவில் செய்தது' என்பதை வைத்தும் முடியாது. ஸூமும் டாஸ்காமும் ஜப்பான் கம்பனிகள்தான். ஆனால் எச்1என்னும் டிஆர்-05எக்ஸும் செய்யப்படுவது சீனாவில். கடைக்காரர் இதுவரை வென்றுவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம்.

இனி ரெக்கோடர். மைக் செய்வது ஒரு வேலை என்றால் ரெக்கோடர் செய்வது ஐந்து வேலை. சத்தத்தை வாங்க வேண்டும். அதை இரைச்சல் சேராமல் பெருக்க வேண்டும். எண்ணாக மாற்ற வேண்டும். அந்த எண்களை ஒன்றும் விடாமல் நினைவகத்தில் எழுத வேண்டும். பட்டரி செத்தாலும் எழுதியது கெடாமல் கோப்பை மூட வேண்டும். இந்த ஐந்தில் கடையில் நின்று சோதிக்கக்கூடியது முதலாவது மட்டும்தான். மற்ற நான்கும் வீட்டுக்குக் கொண்டுபோய், சில மாதம் கழித்து, வேண்டிய நேரத்தில்தான் தெரியவரும்.

பெயரில்லாக் கருவியின் பெட்டியில் பெரிய எழுத்தில் '1536 கிலோபிட்' என்று போட்டிருக்கும். பக்கத்தில் '64 ஜிபி'. அதற்கும் பக்கத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் பதியலாம் என்று ஒரு வரி. பள்ளிக்கூடக் கணக்குப் போதும். வினாடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் இரண்டு தடம். பெருக்கினால் வினாடிக்கு 15,36,000 பிட், அதாவது அந்த 1536 கிலோபிட். எண் சரிதான். அதே கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு 691 மெகாபைட் போகும். 64 ஜிபி உண்மையாகவே இருந்தாலும் ஏறத்தாழ 92 மணி நேரம்தான் கொள்ளும். ஆயிரக்கணக்கான மணி என்பது 32 கிலோபிட் அளவில், தொலைபேசித் தரத்தில் பதிந்தால் வரும் எண். பெட்டியில் உள்ள இரண்டு எண்ணும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம், ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. சில கருவிகளில் இதைவிட மோசம். 'வேவ்' என்று கோப்பின் வாலில் எழுதியிருக்கும், உள்ளே இருப்பது நான்கு பிட்டுக்குச் சுருக்கிய வகை. கணினியில் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

1536 என்ற எண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது கோப்பு எவ்வளவு பெரிது என்று சொல்கிறது, உள்ளே போன சத்தம் எவ்வளவு நல்லது என்று சொல்லவில்லை. ஐந்து ரூபாய் மைக்குளிகையும் இரைச்சல் பிடித்த பெருக்கியும் தரும் சத்தத்தை 1536 கிலோபிட்டில் எழுதினால், அந்த இரைச்சல் மிகத் துல்லியமாக எழுதப்படும்.

நினைவகக் கதை இன்னும் கசப்பானது. பெயரில்லாச் சாமானில் '64' என்று காட்டும் சிப்புக்குள் உண்மையில் 8 ஜிபி மட்டும் இருக்கலாம். உள்ளே உள்ள கட்டுப்பாட்டுச் சில்லைக் கணினிக்குப் பொய் சொல்லும்படி எழுதிவிடுவார்கள். 8 ஜிபி நிரம்பும் வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்குப் பிறகு வருவது முந்தியதன் மேலேயே எழுதப்படும், அல்லது எங்குமே எழுதப்படாது. பட்டியலில் கோப்பின் பெயர் இருக்கும், நீளம் இருக்கும், திகதி இருக்கும், தட்டினால் சத்தம் வராது. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்று இதைக் கண்டுபிடிக்கவே இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. சிப் முழுவதையும் எழுதி நிரப்பித் திரும்ப வாசித்துப் பார்ப்பதுதான் அவற்றின் வேலை. ஸூமிலும் டாஸ்காமிலும் நாமே சிப் வாங்கிப் போடுகிறோம். எச்1என் 32 ஜிபி வரை ஏற்கும், டிஆர்-05எக்ஸ் 128 ஜிபி வரை. சிப் போலியாக இருந்தால் சிப்பை மாற்றலாம். கருவிக்குள்ளேயே ஒட்டிவைத்த நினைவகம் போலியாக இருந்தால் கருவியையே எறிய வேண்டியதுதான்.

இதெல்லாம் இவ்வளவு பெரிய விசயமா என்று கேட்கலாம். எதைப் பதியப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. அம்பாறைக் கரையோரத்தில் பதிய வேண்டியவை என்று நான் பட்டியலிட்டால் கவி முதலில் வரும். பரண் காவலிலும் வண்டிப் பயணத்திலும் வீட்டுக்குள்ளும் பாடிப் புழங்கிய நாட்டார் கவிகளை நிந்தவூர் எஸ். முத்துமீரான் தேடித் தொகுத்து நூலாக்கினார். வீ.சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இலேயே இந்தப் பிரதேசத்து நாட்டார் பாடல்களை எழுத்தில் தந்தது. எழுத்து நம்மிடம் இருக்கிறது. எப்படி இழுத்துப் பாடினார்கள், எந்த இடத்தில் மூச்சு விட்டார்கள், எந்தச் சொல்லை விழுங்கினார்கள் என்பது எழுத்தில் வராது. வீடுகளில் இருந்த கசட்டுகளில் எத்தனை 2004 டிசம்பர் 26 சுனாமிக்குத் தப்பின என்று கரையோரத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் போன நாள் அது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் கடலை ஒட்டிய வீடுகள் பெட்டி படுக்கையோடு போயின. மிஞ்சியிருப்பது வயதானவர்களின் நெஞ்சில் இருப்பதுதான்.

அந்த வயதில் கவி உரத்து வராது. மூத்தம்மா ஒருத்தர் பாயில் இருந்துகொண்டு, பேரப்பிள்ளைகளுக்கு வெட்கப்பட்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, பாதிக் குரலில் பாடுவார். மேலே மின்விசிறி ஓடும். வெளியே முச்சக்கர வண்டி. பெயரில்லாக் கருவியின் குணம் இங்கேதான் வெளிக்கும். அதில் சத்த அளவைக் கையால் வைக்க இடமில்லை, கருவியே கூட்டும் குறைக்கும். சத்தம் குறைந்தால் பெருக்கத்தைத் தூக்கும், கூடினால் அமுக்கும். மூத்தம்மா ஒரு அடி பாடி முடித்து மூச்சு எடுக்கும் இடைவெளியில் கருவி 'சத்தம் போதவில்லை' என்று எண்ணிக் கொண்டு தூக்கும். மின்விசிறி எழும்பி வரும். அடுத்த அடி தொடங்கும்போது விசிறி அமுங்கும், முதல் சொல்லின் தலையும் சேர்ந்து அமுங்கும். திரும்பக் கேட்டால் மூத்தம்மாவும் விசிறியும் மாறிமாறிப் பாடியது போல இருக்கும். 'சத்தம் கேட்டால் தானாகப் பதியும்' என்ற வசதியைப் போட்டுவிட்டால் இன்னும் கேடு. முதல் அசை எப்போதும் வெட்டுப்பட்டே வரும். கவியில் முதல் அசை போனால் எதுகை போச்சு.

பாவாமார் றபான் தட்டிப் பாடும் பக்கீர் பைத்தில் இதே கோளாறு தலைகீழாக வரும். றபானில் ஒரு அடி விழும், கருவி பயந்து அமுக்கும், குரல் பின்வாங்கும். அடிக்கு அடி இது நடந்தால் பைத் முழுவதும் கிணற்றுக்குள் இருந்து ஏறி இறங்குவது போலக் கேட்கும். கம்பனிக் கருவிகளிலும் தானியங்கி அளவு இருக்கிறது, ஆனால் அதை அணைக்கலாம். எச்1என்னில் மேலேயே ஒரு திருகு இருக்கிறது. பாடகர் உச்சத்தில் எவ்வளவு போவார் என்று ஒரு தடவை பாடவைத்துப் பார்த்து, அதற்குச் சற்றுக் கீழே வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு தொடவே கூடாது. கல்யாண வீட்டில் திடீரென்று குரவை போடும் இடத்தில் இதுவும் தோற்கலாம். அதற்கு 2024இல் வந்த ஸூம் எச்1எசென்ஷல் 32 பிட் மிதவைப் புள்ளி முறையில் பதிகிறது, அளவே வைக்க வேண்டாம். மிகச் சின்னச் சத்தத்தையும் மிகப் பெரிய சத்தத்தையும் ஒரே கோப்பில் வைத்துவிட்டுப் பிறகு கணினியில் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் மைக்கே தாங்காத சத்தத்தை அதுவும் காப்பாற்றாது. குரவை போடுகிறவரின் வாய்க்கு நேரே பிடிப்பதற்கு அது அனுமதிச் சீட்டு இல்லை. பார்வையில்லாதவர்களுக்காகத் திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் வசதியை அதில் வைத்திருப்பது எனக்குப் பிடித்த விசயம்.

இரண்டு கம்பனிச் சாமானுக்கும் இடையிலும் வித்தியாசம் உண்டு. கடற்கரை ஊர்க்காரருக்கு அது முக்கியம். எச்1என்னின் இரண்டு மைக்கும் முன்பக்கம் நோக்கி, 90 பாகையில் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்பவை. முன்னால் உள்ளதைத் தெளிவாக, இடம் வலம் பிரித்துத் தரும். டிஆர்-05எக்ஸின் இரண்டும் எல்லாத் திசையையும் கேட்பவை, அறையின் எதிரொலியையும் சேர்த்து வாங்கும். கேட்க இனிமை எது என்றால் ஸூமைச் சொல்வார்கள். ஆனால் காற்று? திசை பார்க்கும் மைக்கின் தகட்டுக்கு இரு பக்கமும் காற்றுப் படும், இலேசான அழுத்த வித்தியாசத்துக்கும் அது ஆடிவிடும். கையில் பிடித்தால் விரல் உரசுவதையும் அதுதான் அதிகம் காட்டும். எல்லாத் திசை மைக் இரண்டிலும் அமைதியானது. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை பேரில் கொடியேறும் பன்னிரண்டு நாளில் ஒரு நாள் மாலை நின்று பதிந்து பார்த்தால், எந்த விளம்பரமும் சொல்லாததைக் காற்று சொல்லிவிடும். வாடையோ கச்சானோ, கரையில் காற்றில்லாத நேரம் குறைவு. பெட்டியோடு வரும் பஞ்சு உறை வாயிலிருந்து வரும் காற்றுக்கு மட்டும்தான் போதும். வெளியே பதிவதற்கு நீண்ட மயிர் உறை வேண்டும், அதைத் தனியாக வாங்க வேண்டும். என் தெரிவு கரையோரத்துக்கு டாஸ்காம். வீட்டுக்குள் ஒருவர் பாட ஒருவர் பதிவதென்றால் இரண்டும் ஒன்றுதான். பாடுகிறவருக்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஆறு டெசிபெல் கூடும். விலை கூடின கருவிக்கு மாறுவதைவிடப் பாயில் ஒரு முழம் முன்னால் நகர்ந்து இருப்பது அதிகம் உதவும்.

பெயரில்லாக் கருவிக்கு இடமே இல்லையா? இருக்கிறது. ஜும்ஆப் பயானைப் பதிய அது போதும். இமாமின் குரல் ஒலிபெருக்கியில் ஒரே அளவாக வருகிறது, பேச்சு விளங்கினால் சரி, அடுத்த வெள்ளி இன்னொரு பயான் வரும். குர்ஆன் மனனம் செய்யும் பிள்ளை தன் ஓதலைத் தானே கேட்டுத் திருத்தவும், ரியூசன் வகுப்பைத் திரும்பக் கேட்கவும் அந்த விரல் நீளக் கருவி நன்றாகவே உழைக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பள்ளியின் ஒலிபெருக்கி அம்பிலிருந்து வயர் எடுத்து நேரே அதன் மைக் துளையில் செருகக் கூடாது. அம்பின் வெளியீடு மைக் தருவதைவிடப் பல மடங்கு பலமானது, துளையோ மைக்குக்கு மட்டும் செய்யப்பட்டது. பயான் முழுவதும் கிழிந்த சத்தமாக வரும், அதைப் பிறகு எந்த மென்பொருளும் தைக்காது. எச்1என்னின் துளை மைக்கையும் லைனையும் ஏற்கும் வகை. பெயரில்லாததை ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒரு தூணில் கட்டிவிடுவதே மேல்.

மின்சாரத்தில் நம்முடைய அனுபவம் தனி. 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. உள்ளே ஒட்டிய பட்டரியுள்ள கருவி செத்தால் கரண்ட் வரும் வரை செத்ததுதான். ஸூமுக்கும் டாஸ்காமுக்கும் தெருமுனைக் கடையில் இரண்டு பட்டரி வாங்கிப் போட்டால் ஓடும். டிஆர்-05எக்ஸ் அதில் ஏறத்தாழ 17 மணி நேரமும் எச்1என் 10 மணி நேரமும் நிற்கும். ஒட்டிய பட்டரி இரண்டு வருடத்தில் சோர்ந்துவிடும், மாற்றிக் கொடுக்க யாருக்கும் மனமில்லை, அந்த விலைக்குப் புதுசே வாங்கலாம் என்பார்கள். இடையில் செத்தால் நேரம் காட்டும் கடிகாரமும் தொடக்கத்துக்குப் போய்விடும். எந்தக் கோப்பு எந்த வருடத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பதிந்துகொண்டிருக்கும்போதே செத்தால் கோப்பின் தலைப்பகுதியில் நீளம் எழுதப்படாமல் போய், சத்தம் உள்ளே இருந்தும் திறக்காது. ஒடாசிட்டி மென்பொருளில் கச்சாத் தரவாக இறக்கினால் சிலவேளை மீட்கலாம். சிலவேளைதான்.

விலையை விட்டுப் பேச முடியாது. எச்1என் வெளிநாட்டில் ஏறத்தாழ 120 டொலராக இருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அந்தக் கணக்கில் வரி, கூலி சேர்க்காமலே 24,000. மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டபோது அதே கருவி 43,000. கருவியில் ஒரு ஆணியும் மாறவில்லை. அதே வருடம் ஓகஸ்டில் முந்நூறு வகைப் பொருட்களின் இறக்குமதியை நிறுத்தினார்கள். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. பெயரில்லாச் சாமான் ஷோகேசை நிரப்பியதற்குக் கடைக்காரரின் பேராசையைக் காரணம் சொல்வது நியாயமில்லை. ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளத்தில் பெரும் பங்கை ஒரு ரெக்கோடருக்குக் கொடு என்று யார் சொல்வது?

கையில் தொலைபேசி இருக்கிறதே என்ற கேள்விக்கு நீட்டிப் பதில் தேவையில்லை. நல்ல தொலைபேசியும் போயா பிவை-எம்1 போன்ற ஆறு மீற்றர் வயருள்ள சட்டை மைக்கும் சேர்ந்தால் பெயரில்லா ரெக்கோடரை வெல்லும். அந்த மைக்கில் கமரா, தொலைபேசி என்று மாற்றும் ஒரு விசை உண்டு. அதைத் தவறான பக்கம் விட்டால் ஊமைதான். சத்தத்தை அனுப்பும்போது வட்ஸ்அப் குரல் செய்தியாக அனுப்பக் கூடாது. அது பேச்சு விளங்கும் அளவுக்குச் சுருக்கிவிடும். கோப்பாக, ஆவணமாக அனுப்ப வேண்டும்.

சேமித்து வைக்கும் நோக்கம் இருந்தால் உலக ஒலிக்காப்பகங்களின் சங்கம் குறைந்தபட்சமாகச் சொல்வது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட். ஸூமிலும் டாஸ்காமிலும் இது ஒரு தெரிவு, ஒரு தரம் வைத்தால் போதும். மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி போகும். எச்1என்னில் 2 ஜிபி தாண்டினால், அதாவது ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில், கோப்பு தானாக அடுத்ததாக உடையும், பயப்பட வேண்டாம். பெயரில்லாததில் 24 பிட் அநேகமாக இல்லை. பதிந்தவற்றை ஊரில் ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் வெளியே ஓரிடத்திலும் வைப்பது நல்லது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் புத்தகங்களோடு வாய்மொழி வரலாற்று ஒலிப்பதிவுகளையும் சேர்த்துவருகிறது.

ஒருவரால் முடியாத விலையை ஒரு சங்கத்தால் தாங்க முடியும். பாடசாலைப் பழைய மாணவர் சங்கமோ வாசிகசாலையோ ஒரு டாஸ்காம் வாங்கி வைத்து இரவல் கொடுத்தால், பத்துப் பேர் பத்துப் பெயரில்லாக் கருவி வாங்குவதைவிடக் குறைந்த காசில் முடியும். அதுவும் கூடாவிட்டால் பழையது தேடலாம். ஸூமின் முதல் எச்1 2010இல் வந்தது. ஒரே ஒரு பட்டரியில் ஓடும், உடம்பு பிளாஸ்டிக், கையில் பிடித்தால் கிறீச்சிடும், ஆனால் அப்போதே 24 பிட் பதிந்தது. விலை பேசும் முன்னம் பட்டரி மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். சுருளில் பச்சை படிந்திருந்தால் கடற்காற்றில் கிடந்த கருவி. மைக் துளையில் ஒரு வயரைச் செருகி மெல்ல ஆட்டும்போது சரசரத்தால் வைத்துவிட்டு வரலாம். சிப்பைப் போட்டு அழுத்தினால் கிளிக் என்று நிற்க வேண்டும், இன்னொரு தரம் அழுத்தினால் வெளியே வர வேண்டும். மூன்றும் சரியென்றால் பதினைந்து வருடம் பழையது என்று தயங்க வேண்டாம். ஷோகேசில் கிடக்கும் புதுப்பெயர்க் கருவியின் விலைக்கே அதைத் தருவதாகச் சொன்னால் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வரலாம்.